கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்குப் போகிறீர்களா? பினாங்கு வரும் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பினாங்கில் குடியிருப்பதால் தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் சொந்தக்காரர்கள், தெரிந்தவர்கள் என்று யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். ஜார்ஜ் டவுனைச் சுற்றிக் காட்டும்போது நான் தவறாமல் கூட்டிப்போகும் இடம் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். வாசல் வரைக்கும் வந்துவிட்டு, "நாமெல்லாம் உள்ளே போகலாமா?" என்று தயங்கி நிற்பவர்கள்தான் அதிகம். சாலையிலிருந்தே ஒரு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. இது தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய பள்ளி, இன்றைக்கும் ஐந்து வேளையும் தொழுகை நடக்கிற பள்ளி. தமிழ் பேசுகிற ஒருவர் இவ்வளவு தூரம் வந்து வெளியே நின்றபடியே திரும்பக் கூடாது. என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். நான் இந்துக் குடும்பத்தில் பிறந்தவன். தொழுகை பற்றிச் சொல்வதெல்லாம் அக்கம்பக்கத்து நானாமார்களிடம், அதாவது மூத்த தமிழ் முஸ்லிம் ஆண்களிடம், கேட்டுத் தெரிந்துகொண்டது.

முஸ்லிம் அல்லாதவர்களை உள்ளே விடுவார்களா?

விடுவார்கள். கட்டணம் கிடையாது. தொழுகை நடக்காத நேரத்தில் வர வேண்டும், உடை ஒழுங்காக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பார்வையாளர்களுக்கான நேரத்தை வாசலில் எழுதி வைத்திருப்பார்கள், அதைப் படித்துவிட்டு உள்ளே போங்கள். அங்கே இருக்கும் பொறுப்பாளர்களிடம் ஒரு வார்த்தை சொன்னால் எந்தப் பக்கம் போகலாம், எங்கே நிற்கலாம் என்று காட்டுவார்கள். பல நாள் அவர்களே கூட வந்து விளக்கியும் சொல்வார்கள்.

நெற்றியில் விபூதி, பொட்டு இருந்தால் அழித்துவிட்டுப் போக வேண்டுமா?

வேண்டாம். இதை யாரும் எதிர்பார்ப்பதில்லை. என் சித்தி நாகப்பட்டினத்திலிருந்து வந்திருந்தபோது, வாசல் படிக்குப் பக்கத்தில் நின்று முந்தானையால் நெற்றியைத் துடைக்கப் போனார். நிழலில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், "வேணாம்மா, அது பாட்டுக்கு இருக்கட்டும். நீங்க எந்த ஊரு?" என்றார். சித்தி ஊரைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. அவருடைய பாட்டனார் நாகூர்க்காரராம். அப்புறம் பத்து நிமிஷம் இரண்டு பேரும் கந்தூரிக் கூட்டத்தையும் கடற்கரைக் காற்றையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

என்ன உடுத்திக்கொண்டு போக வேண்டும்?

பெண்களுக்குத் தலைமுடி, கை, கால் எல்லாம் மறைந்திருக்க வேண்டும். முழுக்கைச் சுடிதார் போட்டு, துப்பட்டாவைத் தலையில் சுற்றிக்கொண்டால் போதும். சேலை கட்டி வந்தால் இடுப்பும் கையும் தெரியும் என்பதால், மேலே போட்டுக்கொள்ள ஒரு நீள அங்கி தருவார்கள். தலையை மூடும் துணியும் அதோடு சேர்த்தே தைத்திருக்கும். சேலைக்கு மேலேயே போட்டுக்கொள்ளலாம், திரும்பும்போது கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். ஆண்கள் அரைக்கால் சட்டையோடு வந்தால் அவர்களுக்கும் அங்கியோ கைலியோ உண்டு. வேட்டி, முழுக்கால் சட்டை என்றால் பிரச்சினையே இல்லை.

பினாங்கு வெயிலில் அங்கிக்குள் வேர்த்துக் கொட்டும். அதனால் உள்ளே பருத்தித் துணியாக உடுத்திக்கொள்ளுங்கள். நீங்களே ஒரு துப்பட்டா கொண்டுபோவது இன்னும் வசதி. கூட்டமான நாளில் அங்கிக்காகக் காத்து நிற்க வேண்டி வரும்.

எந்த நேரத்தில் போவது நல்லது?

காலை பத்து மணிக்கு மேல் பன்னிரண்டரைக்குள் போய்விடுங்கள் என்றுதான் நான் எல்லாருக்கும் சொல்வேன். ஊரிலிருந்து வருபவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். சென்னையில் நண்பகல் தொழுகைக்குப் பன்னிரண்டே கால் வாக்கில் பாங்கு சொல்லிவிடுவார்கள். அந்தக் கணக்கில், ஒரு மணிக்குப் போனால் தொழுகை முடிந்திருக்கும் என்று நினைத்து வருவார்கள். இங்கே கதை வேறு. 1982 முதல் மலேசியா முழுவதற்கும் கிழக்கே உள்ள சபா, சரவாக்கின் நேரத்தையே வைத்துக்கொண்டதால், பினாங்கில் சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரம் ஏறக்குறைய ஒன்றே கால் காட்டும். லுஹர் என்னும் நண்பகல் தொழுகை அதற்குப் பிறகுதான். ஆக நீங்கள் வந்து நிற்கும் நேரமும் தொழுகை நேரமும் ஒன்றாகிவிடும். பிற்பகல் தொழுகையான அஸர் நாலரை வாக்கில், சூரியன் மறைந்ததும் தொழும் மஃரிப் ஏழே கால், ஏழரைக்கு. மாதத்துக்கு மாதம் கொஞ்சம் முன்பின் ஆகும்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை. அன்றைக்குப் பிற்பகல் மூன்று மணி வரை அந்தப் பக்கம் சுற்றிப்பார்க்கப் போகாமல் இருப்பதே மரியாதை. வளாகம் நிறைந்திருக்கும், வண்டி நிறுத்தவும் இடம் கிடைக்காது.

உள்ளே பார்க்க நேரம் தவறிவிட்டால் வருத்தப்பட வேண்டாம். மஃரிப்புக்கு முன்னால் எதிர்ச்சாரியில், கடைகளுக்கு முன்னால் கூரையோடு ஓடும் ஐந்தடிப் பாதையில் வந்து நில்லுங்கள். வானம் மங்கிவரும், கும்மட்டங்கள் கறுத்துத் தெரியும், பாங்கு எழும்பும்.

செருப்பை எங்கே விடுவது? கால் கழுவ வேண்டுமா?

படியேறும் இடத்தில் அடுக்கு வைத்திருப்பார்கள். செருப்புக் காலோடு படியில் ஏறக் கூடாது. பார்வையாளர்கள் கால் கழுவ வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒளுச் செய்யும் இடம், அதாவது தொழுகைக்கு முன் கை, கால், முகம் கழுவும் இடம், தொழ வருபவர்களுக்கானது, அங்கே முகம் கழுவி, தண்ணீர் குடித்துக் கூட்டம் போட வேண்டாம். உச்சி வெயிலில் முற்றத்தைக் கடப்பதற்குள் உள்ளங்கால் சுட்டுவிடும், நிழல் பக்கமாக நடங்கள். உள்ளே பளிங்குத் தரையில் கால் வைத்ததும் சில்லென்று இருக்கும்.

உள்ளே எப்படி நடந்துகொள்ள வேண்டும்? படம் எடுக்கலாமா?

ஒன்றே ஒன்றை மட்டும் மறக்காமல் இருந்தால் போதும்: தொழுதுகொண்டிருப்பவருக்கு முன்னால் குறுக்கே நடக்கக் கூடாது. தொழுகை நேரம் இல்லாவிட்டாலும் ஓரத்தில் யாராவது ஒருவர் தனியாகத் தொழுதுகொண்டிருப்பார். அவருக்குப் பின்பக்கமாகச் சுற்றிப் போங்கள்.

எனக்குப் பதினான்கு வயதிருக்கும்போது, பள்ளிக்கூடத் தோழனோடு முதல் தடவை உள்ளே போனேன். தூண்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டே வேகமாக நடந்ததில், சுஜூதில், அதாவது நெற்றியைத் தரையில் வைத்துத் தொழும் நிலையில், இருந்த ஒருவரின் தலைக்கு முன்னால் கடந்துவிட்டேன். தோழன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். அந்த மனிதர் தொழுகையை முடித்துவிட்டு எங்கள் பக்கம் வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்து நடுங்கினேன். அவரோ, "அங்கே பார் தம்பி, அந்த வழி" என்று தூணுக்குப் பின்னால் இருந்த பாதையைக் கையால் காட்டிவிட்டுப் போனார். அன்றிலிருந்து யாரைக் கூட்டிப்போனாலும் முதலில் சொல்வது இதைத்தான்.

படம் எடுக்கலாம். கட்டடத்தை எடுங்கள். தொழுகிறவர்களின் முகத்தை எடுக்காதீர்கள். தொழுகைக் கூடத்தின் நடுவில் படுத்து, குதித்து, நடனமாடிப் படம் எடுப்பதையும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அது வேண்டாம். தொழுகைக் கூடத்துக்குள் பார்வையாளர் இதுவரைதான் வரலாம் என்று கோடோ கயிறோ இருந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். நின்ற இடத்திலிருந்தே கூடம் முழுக்கத் தெரியும்.

பூ, தேங்காய், ஊதுவத்தி கொண்டுபோகலாமா?

இந்தக் கேள்வி வராத தடவையே இல்லை. நாகூருக்கும் ஏர்வாடிக்கும் போய்ப் பழகிய இந்துக் குடும்பங்களில் "பள்ளிவாசலுக்குப் போகிறோம்" என்றாலே பூவும் சர்க்கரையும் வாங்குவது வழக்கம். அது தர்கா. தர்கா ஓர் இறைநேசரை அடக்கம் செய்த இடம் அல்லது அவர் நினைவாக எழுப்பிய இடம். பள்ளிவாசல் என்பது தொழுவதற்கான இடம், அதில் கருவறையும் கிடையாது, படமும் கிடையாது, காணிக்கைப் பொருள் வைக்கும் இடமும் கிடையாது. அதனால் வெறுங்கையோடு வாருங்கள். மனம் இருந்தால் உண்டியலில் ஏதாவது போடுங்கள், அதுவும் கட்டாயம் இல்லை.

தர்காவுக்கும் போக ஆசை என்றால் கொஞ்ச தூரம் நடந்தாலே போதும். லெபு சூலியாவில் (லெபு என்றால் தெரு), கிங் ஸ்ட்ரீட் முனையில் நாகூர் தர்கா இருக்கிறது. நாகூரில் அடங்கியிருக்கும் சாகுல் ஹமீது ஆண்டவர் நினைவாக, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே குடியேறிய தமிழ் முஸ்லிம்கள் கட்டியது. கடலில் போகிறவர்களுக்குக் காவல் அவர் என்பது நம்பிக்கை. சோழமண்டலக் கரையிலிருந்து பாய்மரக் கப்பலில் வந்து இறங்கியவர்கள் முதலில் நன்றி சொல்ல நினைத்தது அவருக்குத்தான் என்பதில் ஆச்சரியம் இல்லை. சித்தி தன் பூவை அங்கே கொடுத்தார்.

இதைக் கட்டியது யார்?

1786இல் பிரான்சிஸ் லைட் இந்தத் தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக எடுத்துக்கொண்டார். துறைமுகம் திறந்த கையோடு சோழமண்டலக் கரையிலிருந்து வணிகர்கள், படகோட்டிகள், கூலியாட்கள் வந்து இறங்கினார்கள். அவர்களில் தமிழ் முஸ்லிம்களைச் 'சூலியா' என்று அழைத்தார்கள். இன்றைக்கு நீங்கள் நடக்கும் லெபு சூலியாவின் பெயர் அதுதான்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் பரங்கிப்பேட்டையைச் சேர்ந்த காதர் முகைதீன் மரைக்காயர். கப்பல் வைத்து வணிகம் செய்தவர். ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு தலைவரை வைத்து ஊரை நடத்துவது அந்தக் கால வழக்கம், அந்தத் தலைவருக்குக் 'கப்பித்தான்' என்று பெயர். சீனர்களுக்கு ஒரு கப்பித்தான் இருந்ததுபோல இந்தியர்களுக்கு இவர். 1801இல் அப்போதைய துணை ஆளுநர் ஜார்ஜ் லீத் பள்ளிவாசலுக்காகப் பதினெட்டு ஏக்கர் நிலத்தை ஒதுக்கினார். காதர் முகைதீன் இந்தியாவிலிருந்து கொத்தனார்களையும் கல்லையும் வரவழைத்துக் கட்டினார் என்று இங்கே சொல்வார்கள். பதினெட்டு ஏக்கர் என்றால் இன்றைக்கு நீங்கள் பார்க்கும் வளாகத்தைப் போலப் பல மடங்கு. சுற்றிலும் குடியிருப்புகளும் கடைகளும் கல்லறைகளும் அந்த நிலத்தில் இருந்தன.

காதர் முகைதீன் 1834இல் காலமானார். அவருடைய அடக்கத்தலம் பள்ளிக்குப் பின்பக்கம் ஜாலான் கம்போங் கோலாம் என்ற சாலையில் இருக்கிறது. அந்தப் பெயரையும் கவனியுங்கள். மலாய் மொழியில் 'கோலாம்' என்றால் குளம். நம்முடைய குளம்தான் அது. கடை 'கெடாய்' ஆனதும் கப்பல் 'காப்பால்' ஆனதும் இப்படித்தான். மரைக்காயர் என்ற பட்டம் 'மெரிக்கான்' ஆகிவிட்டது. இங்கே மெரிக்கான் என்று பெயர் முடியும் ஒரு மலாய்க்காரரைச் சந்தித்தால், அவருடைய முன்னோர் நம் கரையிலிருந்து கப்பலேறியவர்கள் என்று புரிந்துகொள்ளுங்கள்.

'கெலிங்' என்பது வசைச் சொல் இல்லையா?

இன்றைக்கு ஒரு தமிழரைப் பார்த்து அப்படிச் சொன்னால் வசைதான். நான் பள்ளிக்கூடத்தில் அதைக் கேட்டு அழுதிருக்கிறேன், அதனால் இந்தக் கேள்வியை லேசாக எடுத்துக்கொள்ள என்னால் முடியாது. ஆனால் சொல் பிறந்தபோது அதில் இழிவு இல்லை. கலிங்கம் என்ற பெயரிலிருந்து வந்தது. இந்தியாவின் கீழைக் கரையிலிருந்து வந்தவர்கள் எல்லாரையும் மலாய்க்காரர்கள் பல நூற்றாண்டுகளாகக் 'கெலிங்' என்றே சொல்லி வந்தார்கள். பிறகு கூலியாட்களாக ஏராளமானோர் வந்த காலத்தில் அந்தச் சொல்லில் ஏளனம் ஏறிக்கொண்டது. பள்ளியின் பெயர் அந்த ஏளனத்துக்கு முந்தையது. சமூகத்தின் தலைவர் என்ற மதிப்போடு கொடுத்த பட்டம். பெயரை அப்படியே வைத்திருப்பது சரி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மாற்றினால் காதர் முகைதீனின் பட்டமும் சேர்ந்து போய்விடும். பள்ளியின் பெயராகச் சொல்லுங்கள், ஆளைப் பார்த்துச் சொல்லாதீர்கள்.

கட்டடத்தில் எதைக் கவனித்துப் பார்க்கலாம்?

இப்போது தெரியும் தோற்றம் 1801இல் கட்டியது அல்ல. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பள்ளியின் வக்ஃபு நிலங்களை, அதாவது அறக்கொடையாக எழுதி வைத்த நிலங்களை, கவனிக்க அரசு ஒரு வாரியம் அமைத்தது. கோயில் சொத்துகளையும் பள்ளிவாசல் சொத்துகளையும் சேர்த்துப் பார்த்த வாரியம் அது. அதன் பிறகு 1910இல் ஹென்றி ஆல்பிரட் நியூப்ரானர் என்ற கட்டடக் கலைஞர் முகலாயப் பாணியில் வரைந்து பள்ளியைப் பெரிதாக்கினார். வெங்காய வடிவக் கும்மட்டங்கள், அவற்றைச் சுற்றிச் சின்னச் சின்னக் கோபுரங்கள், லாட வளைவுகள் எல்லாம் அந்தத் திருப்பணியில் வந்தவை. 1930களில் நடுக்கூடத்தின் உயரத்தைக் கூட்டினார்கள், அதனால்தான் உள்ளே நின்றால் காற்றும் வெளிச்சமும் மேலிருந்து இறங்குகின்றன.

மினாரா, அதாவது பாங்கு சொல்லும் கோபுரம், பள்ளியோடு ஒட்டாமல் தனியாக நிற்கும், லெபு பக்கிங்காம் பக்கம். நான் கூட்டிப்போகிறவர்களை நடுக்கூடத்தின் விளிம்பில் நிற்க வைத்து, ஒரு நிமிஷம் பேசாமல் இருக்கச் சொல்வேன். வெளியே அவ்வளவு வண்டிச் சத்தம் இருந்தாலும் அங்கே மின்விசிறி சுற்றுவதும் புறா சிறகடிப்பதும்தான் காதில் விழும்.

மாதவிடாய் நாட்களில் போகலாமா?

யாரும் கேட்க மாட்டார்கள். முஸ்லிம் பெண்கள் அந்த நாட்களில் தொழுவதில்லை, தொழுகைக் கூடத்திலும் தங்குவதில்லை. அந்த வழக்கத்தை மதித்து, நீங்களும் முற்றத்திலிருந்தும் வெளித் தாழ்வாரத்திலிருந்தும் பார்க்கலாம்.

தமிழில் பேசினால் புரியுமா?

பெரும்பாலும் புரியும். பள்ளியைச் சுற்றியுள்ள நகைக்கடைகளிலும் பணம் மாற்றும் கடைகளிலும் தமிழ் சாதாரணமாகக் கேட்கும். ஆண்களில் மூத்தவர்களை 'நானா' என்று கூப்பிடுங்கள், அதற்கு ஒரு தனிச் சிரிப்பு கிடைக்கும். இளைஞர்கள் சிலர் மலாயிலேயே வளர்ந்தவர்கள். அவர்களிடம் மெதுவாகப் பேசுங்கள். தமிழில் ஆரம்பித்தால் அவர்களும் முடிந்தவரை தமிழிலேயே பதில் சொல்லப் பார்ப்பார்கள், அது கேட்க அவ்வளவு இனிமையாக இருக்கும்.

நோன்பு மாதத்தில் வரலாமா?

தாராளமாக. பகலில் வளாகத்துக்குள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடிக்காதீர்கள், அது ஒன்றுதான். அஸருக்குப் பிறகு வந்தால் நோன்புக் கஞ்சி வாங்க மக்கள் பாத்திரத்தோடு வரிசையில் நிற்பதைப் பார்க்கலாம். பெரிய பெரிய கிடாரங்களில் அரிசி, இறைச்சி, இஞ்சி, பூண்டு, தேங்காய்ப்பால் எல்லாம் சேர்ந்து கொதிக்கும் வாசனை தெருமுனை வரை வரும். தஞ்சைக் கரையில் காய்ச்சும் அதே கஞ்சி. மதம் பார்த்துக் கொடுப்பதில்லை. என் அம்மா எவர்சில்வர் தூக்குவாளியில் வாங்கி வந்து, வீட்டில் ஆளுக்கு அரைக் கிண்ணம் ஊற்றிக் கொடுப்பார்.

எப்படிப் போவது? பக்கத்தில் வேறு என்ன இருக்கிறது?

படகுத்துறையிலிருந்து நடந்தே வந்துவிடலாம், பத்துப் பதினைந்து நிமிஷம். உயரமான கொம்தார் கட்டடத்துக்கும் படகுத்துறைக்கும் இடையில் ஓடும் இலவசப் பேருந்தும் உண்டு.

ஜார்ஜ் டவுன் 2008இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்தது. அதில் பள்ளி இருக்கும் இந்த ஒரு தெருவே பாதி நாளுக்குப் போதும். 1818இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், குவான் யின் சீனக் கோயில், 1833இல் கட்டிய மகா மாரியம்மன் கோயில், பிறகு இந்தப் பள்ளி, எல்லாம் கூப்பிடு தூரத்தில். மாரியம்மன் கோயில் வாசல் குயின் ஸ்ட்ரீட்டில் இருக்கிறது, அதன் பின்பக்கம் பள்ளி இருக்கும் சாலையைப் பார்த்திருக்கும்.

சாப்பாட்டுக்கு நாசி கண்டார்தான். தோளில் ஒரு கம்பு, அதன் இரண்டு முனையிலும் தொங்கும் கூடைகள், ஒன்றில் சோறு, இன்னொன்றில் கறி. அந்தக் காலத்தில் தமிழ் முஸ்லிம்கள் இப்படித்தான் துறைமுகக் கூலிகளுக்குக் காலையில் பசியாறக் கொண்டுபோய் விற்றார்கள். அந்தக் கம்புதான் 'கண்டார்'. கடையில் "குவா பஞ்சிர்" என்று சொன்னால் நாலைந்து குழம்பைச் சோறு மிதக்கிற மாதிரி ஊற்றித் தருவார்கள். முதல் தடவை என்றால் அதையே கேளுங்கள். விலையை மீன் தலைக்கும் இறாலுக்கும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

பினாங்குக்கு வர நேரமில்லை, கோலாலம்பூரில் மட்டும் இருக்கிறோம். அங்கே?

1965இல் திறந்த தேசியப் பள்ளிவாசலும், இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் 1909இல் திறந்த மஸ்ஜித் ஜாமேக்கும் பார்வையாளர்களை வரவேற்பவை, அங்கேயும் அங்கி தருவார்கள். மேலே சொன்ன உடை, நேரம், நடத்தை எல்லாம் அங்கேயும் பொருந்தும். தமிழ் கேட்க வேண்டும் என்றால் மஸ்ஜித் இந்தியா பக்கம் போங்கள்.

எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

பள்ளிக்கு மட்டும் முக்கால் மணி நேரம். கப்பித்தானின் அடக்கத்தலத்தையும் நாகூர் தர்காவையும் சேர்த்தால் இரண்டு மணி நேரம். பெரியவர்களைக் கூட்டிவந்தால் இன்னும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். வாசலில் யாராவது "எந்த ஊரு?" என்று கேட்டுவிடுவார்கள்.